பிரஸ்ஸுக்குள் காய்த்த முயல்செவி

சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை உலர்த்திப் பதிக்கிறவர்கள் எல்லாரும் இந்தத் தொல்லையைப் பார்த்திருப்பார்கள். நன்றாகப் பூத்த செடியைப் பிடுங்கி, தாள்களுக்கு நடுவே விரித்து, பலகையை இறுக்கிக் கட்டி வைக்கிறோம். இந்தப் பலகைக் கட்டுதான் பிரஸ். உலர்ந்ததும் பிரித்தால் பூ இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. தொட்டவுடன் அது பறந்து மேசை முழுக்கப் பரவுகிறது. தாளில் மிஞ்சுவது ஒரு காம்பும், பின்பக்கமாக மடங்கிய நாலைந்து செதில்களும்தான்.

செடியைப் பிடுங்கிவிட்டதால் அது செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். தலைமஞ்சரி, அதாவது பல சிறுமலர்கள் நெருங்கி ஒரே பூப்போல் தெரியும் பூத்தலை, அப்படி நினைப்பதில்லை. தண்டிலும், சிறுமலர்கள் நிற்கும் அடித்தட்டான பூத்தளத்திலும் தங்கியிருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு அது விதையை முற்ற வைக்கும் வேலையைத் தொடர்கிறது. எமிலியா பேரினம் இதில் கைதேர்ந்தது. நம்மிடையே முயல்செவி என்று பெயர் பெற்ற எமிலியா சோன்சிஃபோலியா அதில் ஓர் இனம். ஊதா நிறத்தில் சிறு தூரிகை போலப் பூக்கும் அந்தக் களைச்செடியையும் அதன் உறவினரையும், வேறொருவர் பின்னாளில் எடுத்துப் பார்த்து இனம் சொல்லக்கூடிய தரத்தில் உலர்தாவர ஏடுகளாக ஆக்க வேண்டும் என்பதுதான் இந்தத் திட்டம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற அழகுக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைகள். பல இடங்களில் ஒன்றுக்குச் சொல்லும் யோசனை மற்றதைக் கெடுத்துவிடும் என்பதை வழியில் சொல்கிறேன்.

எமிலியாவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சில மட்டும் களைகளாக வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டன. முயல்செவிக்கு 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் ககாலியா சோன்சிஃபோலியா. எமிலியா என்ற பேரினத்தை 1817இல் தனியாகப் பிரித்தவர் ஹென்றி கசினி. வானியலாளர்களின் வம்சத்தில் பிறந்து, சட்டத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, வாழ்நாளெல்லாம் இந்த ஒரே குடும்பத்தின் பூக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த மனிதர். 1832இல் காலரா அவரைக் கொண்டுபோனது. சூலகத்தண்டின் நுனி எப்படி இருக்கிறது, மகரந்தப்பைகள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்பதை வைத்து இக்குடும்பத்தைப் பகுக்கலாம் என்று காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். இன்று நாம் லென்ஸ் வைத்துத் தேடுவதும் அதே உறுப்புகளைத்தான். முயல்செவியை எமிலியாவுக்குள் சுவிஸ் தாவரவியலாளர் டி கண்டோல் கொண்டுவந்தது 1834இல், ராபர்ட் வைட் இந்தியத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட நூலில்.

பறிப்பதற்கு முன்

செடி கிடைப்பது கஷ்டமில்லை. சுவரோரம், காலி மனை, தோட்டத்துப் பாத்தி, மண் கொஞ்சம் கிளறப்பட்ட எந்த இடத்திலும் வரும். கிடைத்தது முயல்செவிதானா என்பதில்தான் கவனம் தேவை. ஊதாவாகச் சிறிய பூ என்றால் உடனே முயல்செவி என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். பூவாங்குருந்தல், நெய்ச்சட்டிக்கீரை என்றெல்லாம் அழைக்கப்படும் சயாந்தில்லியம் சினரியமும் ஊதாதான். உயரமும் ஏறத்தாழ அதேதான்.

கையில் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் சந்தேகம் உடனே தீரும். பூத்தலையைச் சுற்றி வெளியே பச்சையாக இருக்கும் செதில்களைப் பாருங்கள். பூவாங்குருந்தலில் அவை பல அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்று ஓடு வேய்ந்ததுபோல இருக்கும். எமிலியாவில் ஒரே வரிசை. எல்லாம் ஒரே உயரம். விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒரு பச்சைக் குழாய்போல நிற்கும். முயல்செவியில் பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது செதில்கள்.

இன்னொரு குழப்பம் கிராசோசெஃபாலம் என்ற பக்கத்துப் பேரினம். அதற்கும் செதில் ஒரே வரிசைதான். ஆனால் அந்தக் குழாயின் அடியில், காம்போடு சேரும் இடத்தில், மிகச் சிறிய துணைச் செதில்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கும். எமிலியாவில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பேரினத்தையே பிரித்துச் சொல்லும் அடையாளம் இது. இரண்டு மில்லிமீட்டர் இடத்தில் இருக்கிறது என்பதால் பதிக்கும்போது இந்த அடிப்பகுதி தெரியும்படி குறைந்தது ஒரு தலையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தே ஆக வேண்டும். எல்லாத் தலைகளையும் மேல்நோக்கி விரித்து அழகாக அழுத்திய ஏடுகளை நிறையப் பார்க்கிறோம். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இனம் சொல்ல உதவாது.

முயல்செவியில் கதிர் சிறுமலர்களே கிடையாது. சூரியகாந்தியில் ஓரத்தில் இதழ்போல் நீண்டு நிற்பவை இதில் இல்லை. தலைக்குள் இருப்பவை எல்லாமே குழல் வடிவச் சிறுமலர்கள். ஆகவே விரித்துக் காட்டுவதற்கு இதழ்கள் எதுவும் இல்லை. காட்ட வேண்டியது நீளவாட்டில்தான் இருக்கிறது.

பறித்தது காலையில், பனி காய்ந்த பிறகு. ஈரத்தோடு பறித்தால் பிரஸ்ஸில் பூஞ்சை பிடிக்கும். உச்சி வெயிலில் பறித்தால் கையிலேயே துவண்டுவிடும். இது ஓராண்டுச் செடி. வேர் இல்லாமல் கிளையை மட்டும் கிள்ளி வந்தால் ஓராண்டுச் செடியா பல்லாண்டுச் செடியா என்பதே ஏட்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் வேரோடு எடுத்து, மண்ணை உதறி, தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்தேன். அடி இலைகள் கட்டாயம் வேண்டும். அவை யாழ் வடிவில் ஆழமாகப் பிளவுபட்டு, நுனிப்பகுதி மட்டும் பெரிதாக இருக்கும். மேல் இலைகள் காம்பில்லாமல் தண்டைக் காதுபோல் அணைத்திருக்கும். இரண்டும் ஒரே செடியில் இருப்பதைக் காட்டினால்தான் ஏட்டுக்குப் பொருள் உண்டு. முதிர்ந்த செடியில் அடி இலைகள் காய்ந்து உதிர்ந்திருக்கும் என்பதால் நடுத்தர வயதுள்ளதாகத் தேடினேன்.

தலைகளையும் வயது வாரியாகச் சேர்த்தேன். தலைகுனிந்து தொங்கும் மொட்டு, நிமிர்ந்து பூத்தது, பூ வாடியது, பஞ்சு விரிந்தது. மொட்டு குனிந்திருப்பதும் பூக்கும்போது நிமிர்வதும் முயல்செவியின் இயல்பு. அழுத்திய பிறகு அது தெரியாமல் போகும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பூவின் நிறம், செடியின் உயரம், சாற்றின் தன்மை, மண், சுற்றியிருந்த செடிகள் எல்லாம் அங்கேயே நின்று எழுத வேண்டியவை. நிறத்தைத் தாள் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. எமிலியா இனங்களில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. இவை கல்லீரலைக் கெடுப்பவை. மூலிகை என்ற பெயர் இருப்பதால் பறித்ததில் நாலு இலையை வாயில் போட்டுப் பார்ப்பது வேண்டாம். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பிரஸ்

இதைப் பற்றி ஏகப்பட்ட பேர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஏட்டைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு ஒட்டுப்பலகைகள், இரண்டு வார்ப்பட்டைகள், மை உறிஞ்சும் தாள், பழைய செய்தித்தாள், நெளி அட்டை. நெளி அட்டையை வெட்டும்போது உள்ளே இருக்கும் குழாய்கள் குறுக்குவாட்டில் ஓட வேண்டும். காற்று குறுகிய தூரம் பயணம் செய்தால் சீக்கிரம் காயும். நீளவாட்டில் வெட்டிய அட்டையில் நடுப்பகுதி கடைசிவரை ஈரமாகவே கிடக்கும்.

எமிலியாவுக்காகச் சேர்த்த ஒரே புது விஷயம் மெல்லிய ஸ்பாஞ்சு விரிப்பு. பூத்தலை தடிமனாகவும் இலை மெல்லியதாகவும் இருக்கும் செடியில் பலகையின் அழுத்தம் முழுவதும் தலையின் மேல் விழும். அதைச் சுற்றியுள்ள இலைகளுக்கு அழுத்தமே கிடைக்காது. அவை சுருங்கிக் கசங்கிவிடும். ஸ்பாஞ்சு தலை இருக்கும் இடத்தில் அமுங்கி, மற்ற இடத்தில் இலையைப் பிடித்துக்கொள்கிறது.

பஞ்சை நிறுத்துவது

இந்த வேலைக்காகத்தான் இவ்வளவும். ஒரே இடத்தில் பறித்த, ஒரே நிலையில் பூத்திருந்த தலைகளைப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வைத்தியம் செய்து பார்த்தேன். ஒரு பங்கை எதுவும் செய்யாமல் அப்படியே தாளுக்குள் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

எதுவும் செய்யாத பங்கு எதிர்பார்த்தபடியே பஞ்சாயிற்று. ஆனால் எப்போது ஆகிறது என்பதைக் கவனித்ததில் ஒரு பயன் கிடைத்தது. பலகை இறுக்கமாக இருந்தவரை தலை மூடியே இருந்தது. உள்ளே சூலகம் முற்றிக்கொண்டிருந்தாலும் பாப்பஸ் மயிர்களுக்கு, அதாவது பஞ்சாகப் பறக்கும் அந்த வெள்ளை மயிர்களுக்கு, விரிய இடமில்லை. செடி காயக் காய அடுக்கு மெலிகிறது, வார் தளர்கிறது, தலைக்கு இடம் கிடைக்கிறது. செதில்கள் காய்ந்து பின்னோக்கி வளைய, மயிர்கள் விரிந்துவிடுகின்றன. ஆகவே தாள் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாரை மறுபடி இழுத்துக் கட்டுவது பாதி வைத்தியம். மறு பாதி உள்ளே நடக்கும் முற்றலை நிறுத்துவது.

கொதிநீர் வைத்தியம் பழையது. சதைப்பற்றுள்ள செடிகளுக்கும் கிழங்குகளுக்கும் செய்வார்கள். தலையை மட்டும் சில நொடிகள் கொதிநீரில் முக்கி எடுத்து ஒற்றி வைத்தேன். முற்றல் நின்றது. பஞ்சு வரவில்லை. ஆனால் சிறுமலர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்து, ஊதா வெளுத்துப் போயிற்று. தலையைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் உதவாது.

ஆல்கஹாலில் நனைத்த பங்கு வேகமாகக் காய்ந்தது. ஊதா நிறம் பூவைவிட்டுக் கிண்ணத்துக்கு வந்துவிட்டது. இந்த ஊதாவுக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி நீரிலும் ஆல்கஹாலிலும் கரைவது. நிறத்தை ஏற்கெனவே குறித்து, படமும் எடுத்திருந்தால் நிறம் போவதால் பெரிய நஷ்டமில்லை. செதில் வட்டத்தின் அமைப்பும் அளவும் அப்படியே இருந்தன. வேறு வழியில்லாத மழைக்காலத்தில் இதை ஏற்றுக்கொள்ளலாம்.

மைக்ரோவேவ் அடுப்பு. இரண்டு பீங்கான் ஓடுகளுக்கு நடுவே தாள் வைத்து, தலையை வைத்து, சிறு சிறு தவணைகளாகச் சூடாக்குவது. நிறத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட இதுதான் அழகு. சுவரில் மாட்டுகிறவர்கள் இதையே செய்யலாம். ஏட்டுக்கு நான் இதைச் சேர்க்கவில்லை. விதையின் கரு செத்துவிடும். திசுக்கள் சிதைகின்றன. பின்னாளில் ஒருவர் அந்த ஏட்டிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து டி.என்.ஏ. பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் தடையாகலாம். உலர்தாவர ஏடு பார்ப்பதற்கு மட்டும் இல்லை.

பறித்தவுடன் உறைபெட்டியில் வைத்துக் கொன்றுவிடலாமே என்பது அடுத்த யோசனை. உறைந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெளியே எடுத்து உருகியதும் திசுக்கள் உடைந்து சாறு கசிந்து, கறுத்துக் கிழிந்த துணிபோல் ஆகிவிட்டது. உறைபெட்டிக்கு வேலை இருக்கிறது, ஆனால் செடி முழுக்கக் காய்ந்த பிறகுதான்.

கடைசியில் நிலைத்தது மிக எளிய வழி. புது சவரத் தகட்டால் தலையை நுனியிலிருந்து காம்பு வரை நேராக இரண்டாக வகிர்ந்து, வெட்டுமுகம் மேலே தெரியும்படி வைத்தேன். பூத்தளம் இரண்டாகப் பிளந்து திறந்துவிட்டதால் ஈரம் நேராகத் தாளுக்குப் போகிறது. விதை முற்றுவதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். வகிர்ந்தால் இரண்டும் ஒன்றாகக் குறைகின்றன. வகிர்ந்த தலையில் இன்னொரு லாபமும் உண்டு. பூத்தளம் தட்டையாக, வெறுமையாக, சிறுமலர்களுக்கு இடையே செதில்கள் இல்லாமல் இருப்பது லென்ஸில் தெளிவாகத் தெரிகிறது. இக்குடும்பத்தில் பேரினம் தேடும் சாவிகள் (கேள்வி கேள்வியாகப் போய்ப் பெயரைக் கண்டுபிடிக்கும் பட்டியல்கள்) பலவும் முதலிலேயே கேட்கும் கேள்வி அது.

எல்லாத் தலைகளையும் வகிரவில்லை. முழுத் தலைகளும் ஏட்டில் இருக்க வேண்டும். அவற்றுக்கு வேகமான சூடு. பிரஸ்ஸை ஒரு மரப்பெட்டியின் மேல் நெளி அட்டைக் குழாய்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி செங்குத்தாக வைத்து, அடியிலிருந்து மெதுவான சூடான காற்றைச் சிறு மின்விசிறியால் தள்ளினேன். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் இலை பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும். சூட்டுக்கு விளக்கு வைத்தால் தாளுக்கும் அதற்கும் நல்ல இடைவெளி விடுங்கள். காய்ந்த செய்தித்தாள் அடுக்கைப் பக்கத்தில் ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

வகிர்ந்தவை எல்லாம் பூவாகவே நின்றன. முழுத் தலைகளில் அன்றுதான் திறந்த இளம் பூக்கள் மூடியே இருந்தன. பூத்துச் சில நாளான தலைகள் வழக்கம்போல் பஞ்சை நீட்டின. ஆகப் பூவைக் காட்ட இளம் தலையை மட்டும் எடுங்கள், முதிர்ந்ததைக் கனிக்கென்றே (பஞ்சோடு பறக்கும், நாம் விதை என்று சொல்வது) ஒதுக்குங்கள்.

பஞ்சே தேவைப்படும் தலைகளுக்கு எதிர்வழி. ஏற்கெனவே விரிந்த வெள்ளைப் பந்தைப் பிரஸ்ஸில் வைப்பதில் பொருளில்லை. ஒரு வழவழப்பான தாளை உறைபோல் மடித்து, பந்தை அதற்குள் நுழைத்து, காம்பை உறைக்குள்ளேயே வெட்டிவிட்டால் ஒரு கனிகூடச் சிந்தாது. காற்றாடியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சிறுமலரைப் பிரித்தபோது

உலர்த்தாத ஒரு தலையைப் பிரித்துப் பார்ப்பது இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி. செதில் குழாயை நகத்தால் கீறித் திறந்தால் மெல்லிய குழல்கள் கொத்தாக நிற்கும். ஒன்றை இடுக்கியால் அடியில் பிடித்து எடுத்தால் முழுப் பூ ஒன்று கையில் வரும். அடியில் சூலகம், அதன் தோளில் வெள்ளை மயிர் வளையம், அதற்குள் மிக ஒல்லியான குழல், நுனியில் ஐந்து பிளவுகள்.

குழலை ஊசியால் கிழித்தால் உள்ளே மகரந்தப்பைகள் ஐந்தும் பக்கவாட்டில் ஒட்டி இன்னொரு குழலாக இருக்கின்றன. மகரந்தம் அந்தக் குழலுக்கு உள்ளேதான் உதிர்கிறது. சூலகத்தண்டு கீழிருந்து வளர்ந்து, மூடிய நுனியால் மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வெளியே வந்த பிறகே அதன் இரண்டு கைகளும் பிரிந்து, மகரந்தத்தை ஏற்கும் உட்பரப்பைத் திறக்கின்றன. ஒரே தலையில் ஓரத்துச் சிறுமலர்கள் கை விரித்திருக்க, நடுவில் இருப்பவை இன்னும் மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து உள்ளே நோக்கிப் பூப்பதால் இந்த எல்லாப் படிகளையும் ஒரே தலையில் பார்த்துவிடலாம்.

பிரிக்கிற வேலையில் எரிச்சலூட்டுவது பாப்பஸ். காய்ந்த மயிர்கள் பிளாஸ்டிக் இடுக்கியிலும் பிளாஸ்டிக் தட்டிலும் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். உலோக இடுக்கி, கண்ணாடித் தட்டு, லேசாக ஈரமாக்கிய ஒற்றை மயிர்த்தூரிகை. இந்த மூன்றும் இருந்தால் வேலை நடக்கும். ஏற்கெனவே காய்ந்துபோன தலையைப் பிரிக்க வேண்டுமானால் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் மறுபடி இளகிவிடும். சோப்பு இல்லாமல் போட்டால் மயிர்களுக்கு நடுவே காற்று சிக்கி மிதக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது.

கனி சுமார் 3 மில்லிமீட்டர். ஐந்து விலாக்கோடுகள். லென்ஸில் கோட்டோரம் சிறு மயிர்கள் தெரியும். பாப்பஸ் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம், பட்டுபோல மெல்லியது.

மூன்றாவது செடி

ஒப்பிட்டுப் பார்க்க எமிலியா காக்சினியாவை விதையிலிருந்து வளர்த்திருந்தேன். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் ஆப்பிரிக்கச் செடி. தோட்டப்பூவாக விதை விற்கிறார்கள், பல உறைகளில் எமிலியா ஜவானிகா என்றே அச்சிட்டிருக்கும். வளர்ப்பதில் சொல்ல ஒன்றுமில்லை. களை குணம் உள்ள செடி, தூவினால் வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நிறம் இல்லாமலேகூட வித்தியாசம் தெரிகிறது. முயல்செவியில் செதில் குழாய் ஒல்லியானது, நீளம் அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல். சிறுமலர்கள் அதற்குள்ளிருந்து சற்றே எட்டிப் பார்க்கும். காக்சினியாவில் குழாய் மணி வடிவில் அகன்று, சிறுமலர்கள் தெளிவாக வெளியே நிற்கும்.

இதற்கு நடுவே களையெடுத்த ஒரு பாத்தியில் மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. பூ செங்கல் சிவப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு நிறம். குழாய் முயல்செவியைப் போல நீண்டது, ஆனால் சிறுமலர்கள் அதிகமாக வெளியே தெரிந்தன. அடி இலைகள் யாழ் வடிவில் பிளவுபடாமல் விளிம்பில் பற்களோடு இருந்தன. இரண்டுக்கும் பிறந்த கலப்போ என்று முதலில் தோன்றும்.

இப்படித் தோன்றுவதற்கு முன்னுதாரணமும் உண்டு. எமிலியா பிரீட்டர்மிசா என்ற மேற்கு ஆப்பிரிக்க இனம் முயல்செவிக்கும் காக்சினியாவுக்கும் பிறந்த கலப்பிலிருந்து வந்தது என்று 1973இல் ஆய்வு வெளிவந்தது. அந்த இரண்டு பெற்றோருக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 10. கலப்பு இரட்டிப்பாகி 20 ஆனது. என் பாத்தியில் இருந்தது அதுவல்ல. நிறமும் இலையும் எமிலியா ஃபாஸ்பெர்கியையே காட்டின. இதை 1975இல் தனி இனமாக விவரித்தவர் டான் நிக்கல்சன். பசிபிக் தீவுகளின் தாவரங்களை ஆராய்ந்த ரேமண்ட் ஃபாஸ்பெர்கின் பெயரை அதற்கு வைத்தார். அதற்கு முன் இந்தச் சிவப்புச் செடியை முயல்செவி என்றோ காக்சினியா என்றோ ஆளுக்கொரு பெயரில் பதிந்து வைத்திருந்தார்கள். இதற்கும் குரோமோசோம் 20.

குரோமோசோம் எண்ணும் வசதி கையில் இல்லை. ஆனால் இரட்டிப்பான செடிகளில் இலைத்துளைகள் பெரிதாக இருக்கும் என்பது பொதுவான போக்கு. அதைப் பார்க்க ஒரு நகச்சாயப் புட்டியே போதும். நிறமற்ற நகச்சாயத்தை இலையின் அடிப்பக்கம் மெல்லியதாகத் தடவி, காய விட்டு, அதன் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் இலைப்பரப்பின் அச்சு நாடாவோடு வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் ஒவ்வொரு துளையின் இரு பக்கமும் நிற்கும் காப்பு செல்கள் இரண்டு இரண்டாகத் தெரியும். முயல்செவி, சிவப்புச் செடி இரண்டிலும் ஒரே உயரத்து இலைகளை எடுத்து, ஒரே உருப்பெருக்கத்தில் படம் பிடித்து ஒப்பிட்டேன். சிவப்புச் செடியின் துளைகள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் தெரிந்தன.

இதை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. நிழலில் வளர்ந்த இலைக்கும் வெயிலில் வளர்ந்த இலைக்கும்கூடத் துளைகள் மாறும். பூவும் இலையும் சொன்னதை இது மறுக்கவில்லை, அவ்வளவே. அந்த அச்சுத் தகட்டின் படத்தை அச்சிட்டு ஏட்டு உறைக்குள் போட்டுவிட்டேன்.

ஏட்டில் ஏற்றுவது

தாள் அமிலமற்றதாக இருக்க வேண்டும். சாதாரணத் தாள் சில ஆண்டுகளில் பழுத்துச் செடியையும் சேர்த்து நொறுக்கிவிடும். வழக்கமான அளவு ஏறக்குறைய 42 செ.மீ. நீளமும் 29 செ.மீ. அகலமும். அதைவிட உயரமான செடியை வெட்டாமல், பிரஸ்ஸில் வைக்கும்போதே தண்டை மடக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகு மடக்கினால் முறியும். மடிந்த இடம் நிமிராமல் இருக்க, ஒரு துண்டுத் தாளில் நீளமாக வெட்டுப் போட்டு மாட்டிவிட்டால் காயும்வரை பிடித்துக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு அமிலமற்ற வெள்ளைப் பசையை எடுத்துக்கொண்டேன். செடியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசுகிறவர்கள் உண்டு. எமிலியாவுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். மெல்லிய இலையில் பசை ஊறி மேலே வரும். தண்டையும் வேரையும் துணிப்பட்டை கொண்டு நாலைந்து இடத்தில் கட்டி, பெரிய இலைகளுக்கு மட்டும் புள்ளி புள்ளியாகப் பசை வைத்தேன். ஒரு இலையாவது திருப்பி வைக்கப்பட்டு அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும். முயல்செவியின் அடி இலைகள் பின்பக்கம் ஊதா ஏறியிருப்பது உண்டு. பூத்தலைகளைத் தாளில் ஒட்டவே கூடாது. ஒட்டினால் பிறகு யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

மேல் மூலையில் ஒரு மடிப்பு உறை. வகிர்ந்த தலைகள், உதிர்ந்த சிறுமலர்கள், பஞ்சுப் பந்தின் கனிகள் எல்லாம் அதற்குள். சூரியகாந்திக் குடும்பத்து ஏட்டில் செடியைவிட இந்த உறைதான் முக்கியம் என்றுகூடச் சொல்வேன். இனம் சொல்ல வருகிறவர் முதலில் திறப்பது இதைத்தான்.

வலக்கீழ் மூலையில் சீட்டு. பெயர், பெயர் வைத்தவர், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், சூழல், நாள், சேகரித்தவர், சேகரிப்பு எண். அதோடு தாளில் மறைந்துபோகும் எல்லாமும்: புதிதாக இருந்தபோது பூவின் நிறம், மொட்டு குனிந்திருந்தது, தலை வகிர்ந்து உலர்த்தப்பட்டது, ஆல்கஹாலில் நனைத்ததா இல்லையா. கடைசித் தகவலைப் பலர் எழுதுவதில்லை. வெளுத்த பூவைப் பார்த்து வெள்ளைப்பூ என்று பின்னால் ஒருவர் எழுதிவிடாமல் இருக்க அது வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பூச்சி. இந்தக் குடும்பத்தின் தலைகள் என்றால் உலர்தாவரகத்து வண்டுகளுக்குக் கொள்ளைப் பிரியம். லேசியோடெர்மா செரிகார்னி என்ற சிறு வண்டு பூத்தளத்தைக் குடைந்து தின்று, வெறும் செதில் கூட்டை மட்டும் விட்டுவைக்கும். முற்காலத்தில் இதற்காகப் பாதரசக் குளோரைடைப் பூசினார்கள். அப்படிப் பூசிய பழைய ஏடுகளை இன்றைக்கும் கையுறை இல்லாமல் தொட முடியாது. இப்போது குளிர்தான் மருந்து. ஏடுகளை அட்டையில் வைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 7 நாள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த ஏட்டின் மேல் படிந்து, இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீர் மறுபடி உள்ளே போகும்.

முயல்செவிக்கும் காக்சினியாவுக்கும் சீட்டில் பெயரை முழுதாக எழுதிவிட்டேன். சிவப்புச் செடியின் சீட்டில் எமிலியா என்பதற்கும் ஃபாஸ்பெர்கி என்பதற்கும் நடுவே "சி.எஃப்." போட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று பொருள்படும் வழக்கமான குறி அது. சீட்டுக்கு மேலே, பிறகு யாராவது திருத்தச் சீட்டு ஒட்டுவதற்கு இரண்டு விரற்கடை அகலம் காலியாக விட்டிருக்கிறது. உறைக்குள் வகிராத இளம் தலைகள் சிலவும், சூடு காட்டாத கனிகள் கொஞ்சமும் தனியாக இருக்கின்றன. குரோமோசோம் எண்ண வசதி உள்ளவர் விதையை முளைக்கவைத்து வேர்நுனியை எடுத்துக்கொள்ளலாம்.